திரும்பத் திரும்ப வரும் எல்எஸ்ஏவை ரவுட்டர் என்ன செய்கிறது? ஓஎஸ்பிஎஃப் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரவுட்டர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிப் பாதைகளைக் கணக்கிட உதவும் நெறிமுறை ஓஎஸ்பிஎஃப். அதைப் படிக்கத் தொடங்கியவர்கள், நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க்கில் முதல் முறையாக ஒரு கேப்சரைத் திறக்கும்போது இரண்டு விஷயங்கள் கட்டாயம் குழப்பும். ஒரே எல்எஸ்ஏ, அதாவது ஒரு ரவுட்டர் தன் லிங்க்குகளின் நிலையைச் சொல்லும் அறிவிப்பு, இரண்டு மூன்று முறை வந்திருக்கும். அப்படி வந்தவற்றில் சிலவற்றுக்கு ஒப்புகை ("கிடைத்தது" என்ற பதில்) போயிருக்கும், சிலவற்றுக்குப் போயிருக்காது. இரண்டாவது விஷயத்தில் நானும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒப்புகை போகாததைப் பார்த்து ரவுட்டரில் கோளாறு என்று நினைத்து, கேபிளை மாற்றி, மென்பொருள் பதிப்பை மாற்றி இரண்டு நாள் தேடினேன். பிறகு ஓஎஸ்பிஎஃப்பின் விதிகளைச் சொல்லும் ஆவணமான ஆர்எஃப்சி 2328இன் 13ஆம் பிரிவை வரிவரியாகப் படித்தபோதுதான் ரவுட்டர் முழுக்கச் சரியாக நடந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தது.

டூப்ளிகேட்டாக வரும் எல்எஸ்ஏவில் புதிய தகவல் எதுவும் இல்லை என்று பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது தவறு. அதன் உள்ளடக்கம் பழையதாக இருக்கலாம், ஆனால் அது வந்து சேர்ந்ததே ஒரு செய்தி. "இந்த எல்எஸ்ஏ என்னிடமும் இருக்கிறது" என்று பக்கத்து ரவுட்டர் அதன் வழியாகச் சொல்கிறது. அந்தச் செய்திக்காக நாம் காத்திருந்தோமா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் ரவுட்டர் பதில் சொல்வதும் சும்மா இருப்பதும். இந்த ஒன்று பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

முதல் படி: பாக்கெட்டை விட்டுவிட்டு எல்எஸ்ஏவைப் பாருங்கள்

ஓஎஸ்பிஎஃப் பாக்கெட்டுகள் ஐந்து வகை: ஹலோ, டேட்டாபேஸ் விவரணை, கோரிக்கை, அப்டேட், ஒப்புகை. நமக்கு வேண்டியவை நான்காவதும் ஐந்தாவதும்தான். ஓர் அப்டேட் பாக்கெட்டுக்குள் பல எல்எஸ்ஏக்கள் இருக்கலாம். ரவுட்டர் அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தனித்தனியாகச் சோதிக்கும். ஒரே பாக்கெட்டில் முதல் எல்எஸ்ஏ புதியதாகவும் இரண்டாவது டூப்ளிகேட்டாகவும் மூன்றாவது காலாவதியானதாகவும் இருப்பது சாதாரணம். ஆகவே "இந்தப் பாக்கெட் டூப்ளிகேட்டா?" என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை.

ஒப்புகையும் அப்படித்தான். ஓர் ஒப்புகைப் பாக்கெட்டுக்குள் பல எல்எஸ்ஏக்களின் 20 பைட் தலைப்புகள் அடுக்கியிருக்கும். முழுத் தலைப்பும் திரும்பிப் போவதால், எந்த எல்எஸ்ஏவின் எந்தப் பிரதி கிடைத்தது என்பதில் சந்தேகமே வராது.

இரண்டாம் படி: இரண்டும் ஒன்றா என்று முடிவு செய்தல்

எல்எஸ்ஏவின் வகை, லிங்க் ஸ்டேட் ஐடி, அதை உருவாக்கிய ரவுட்டரின் ஐடி ஆகிய மூன்றும் சேர்ந்து "இது எந்த எல்எஸ்ஏ" என்று சொல்லும். வரிசை எண், செக்சம் (பிழை கண்டறிய உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்), வயது (உருவாகி எத்தனை வினாடி ஆனது) ஆகிய மூன்றும் "அதில் எந்தப் பிரதி" என்று சொல்லும். முதல் மூன்றும் பொருந்தும் ஒன்று தன் டேட்டாபேஸில் இருந்தால், ரவுட்டர் அடுத்த மூன்றையும் இந்த வரிசையில் ஒப்பிடும்.

வரிசை எண் பெரியதாக இருப்பதே புதியது. எண் சமம் என்றால் செக்சம் பெரியதாக இருப்பது புதியது. அதுவும் சமம் என்றால் வயதைப் பார்க்கும். ஒன்று மட்டும் உச்ச வயதான 3600 வினாடியைத் தொட்டிருந்தால் அதுவே புதியது. அப்படி இல்லாமல், இரண்டின் வயதுக்கும் இடையே 15 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயது குறைந்தது புதியது. இதிலும் முடிவு கிடைக்காவிட்டால் இரண்டும் ஒரே பிரதி, அதாவது டூப்ளிகேட்.

உச்ச வயதைத் தொட்டது எப்படிப் புதியதாகும் என்று கேட்கத் தோன்றும். ஓர் எல்எஸ்ஏவை நெட்வொர்க்கிலிருந்து நீக்க வேண்டுமென்றால், அதை உருவாக்கிய ரவுட்டர் அதன் வயதை 3600 ஆக்கிப் பரப்பும். அந்த நீக்கும் கட்டளை தோற்றுவிடக் கூடாது, அதனால்தான் இந்த விதி.

அந்த 15 நிமிடச் சலுகைக்கும் காரணம் உண்டு. எல்எஸ்ஏ ஒவ்வொரு லிங்க்கைக் கடக்கும்போதும் அதன் வயதில் சிறிது கூட்டப்படும், வழக்கமாக ஒரு வினாடி. டேட்டாபேஸில் கிடக்கும் நேரமும் வயதில் சேரும். ஆகவே இரண்டு வழியாக வந்த ஒரே பிரதியின் வயது எண்கள் அச்சு அசலாக ஒத்துப்போகாது. வயது மாறிக்கொண்டே இருப்பதால்தான் செக்சம் கணக்கில் வயதைச் சேர்ப்பதில்லை. கேப்சரில் "வயது 3, வயது 4" என்று இரண்டு பார்த்ததும் வேறு வேறு என்று எண்ணிவிட வேண்டாம்.

வரிசை எண்ணுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. 1980 அக்டோபர் 27 அன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் பல மணி நேரம் முடங்கியது. அதன் ரவுட்டிங் செய்திகளில் வரிசை எண் 6 பிட், 63க்குப் பிறகு மறுபடி 0 என்று வட்டமாகச் சுற்றும். வன்பொருள் கோளாறில் சில பிட்டுகள் தவறிப்போக, ஒரே முனையிலிருந்து வந்ததாக 44, 40, 8 என்று மூன்று எண் கொண்ட செய்திகள் உலவத் தொடங்கின. இந்த எண்களை இரும எண்ணில் எழுதிப் பாருங்கள்: 101100, 101000, 001000. ஒவ்வொரு படியிலும் ஒரு பிட் விழுந்திருக்கிறது. வட்டக் கணக்குப்படி 40ஐவிட 44 புதியது, 8ஐவிட 40 புதியது, 44ஐவிட 8 புதியது! எந்தச் செய்தி வந்தாலும் அது கையில் இருப்பதைவிடப் புதியதாகவே தெரிய, முனைகள் ஓயாமல் அவற்றைப் பரப்பிக்கொண்டே இருந்தன. இந்த விபத்தை ஆர்எஃப்சி 789 விளக்கமாகப் பதிவு செய்திருக்கிறது. இன்றைய ஓஎஸ்பிஎஃப் பதிப்பு 2இல் வரிசை எண் 32 பிட், நேர்கோட்டில் மட்டும் ஏறும். ஹெக்ஸில் 80000001 என்ற மிகச் சிறிய எதிர்ம எண்ணில் தொடங்கி, 7க்குப் பின் ஏழு எஃப் போட்ட எண்ணில் முடியும். முடிவைத் தொட்டால், பழைய பிரதியை நெட்வொர்க் முழுவதிலிருந்தும் நீக்கிவிட்டுத்தான் மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ண முடியும்.

மூன்றாம் படி: டூப்ளிகேட் என்று தெரிந்த பிறகு

முதலில், ரவுட்டர் என்னென்ன செய்யாது என்று பார்த்துவிடலாம். டேட்டாபேஸைத் தொடாது. எஸ்பிஎஃப் கணக்கை, அதாவது மிகக் குறுகிய பாதைகளைக் கண்டுபிடிக்கும் கணக்கை, ஓட்டாது. வேறு யாருக்கும் அதைப் பரப்பாது. இந்த மூன்றாவதுதான் வளையம் வளையமாக இணைந்த நெட்வொர்க்கில் ஓர் எல்எஸ்ஏ முடிவில்லாமல் சுற்றுவதைத் தடுக்கிறது.

செய்வது என்ன என்பதற்கு மறுஅனுப்பல் பட்டியலைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பக்கத்து ரவுட்டருக்கும் தனித்தனியாக இப்படி ஒரு பட்டியல் இருக்கும். ஓர் எல்எஸ்ஏவை அவருக்கு அனுப்பியதும் அதை அந்தப் பட்டியலில் எழுதிக்கொள்ளும். ஒப்புகை வந்தால் அடித்துவிடும். வராவிட்டால், வழக்கமாக 5 வினாடிக்கு ஒருமுறை, அவருக்கு மட்டும் திரும்ப அனுப்பும்.

சரி, இப்போது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ரவுட்டர்கள். முக்கோணமாக, ஒவ்வொன்றும் மற்ற இரண்டுடன் நேரடி லிங்க்கில் இணைந்திருக்கின்றன. சிவப்பில் ஓர் இன்டர்ஃபேஸின் காஸ்ட் (அந்த வழியாகப் போவதற்கான செலவு எண்) மாறுகிறது. அது புதிய எல்எஸ்ஏ ஒன்றை உருவாக்கிப் பச்சைக்கும் நீலத்துக்கும் அனுப்புகிறது. பச்சைக்கு அது புதியது. உடனே நீலத்துக்கு அனுப்பிவிட்டு, நீலத்துக்கான பட்டியலில் எழுதிக்கொள்கிறது. அதே கணத்தில் நீலமும் பச்சைக்கு அனுப்பிவிட்டு, பச்சைக்கான பட்டியலில் எழுதிக்கொள்கிறது. இரண்டு பாக்கெட்டும் வழியில் ஒன்றையொன்று கடந்து போகின்றன.

பச்சையிடம் நீலத்தின் பிரதி வந்து சேர்கிறது. டூப்ளிகேட். பச்சை தன் பட்டியலைப் புரட்டுகிறது: "இதே எல்எஸ்ஏவுக்கு நீலத்தின் ஒப்புகையைத்தானே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்? நீலமே அதை அனுப்பியிருக்கிறது என்றால் அதனிடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?" பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறது. இதுதான் மறைமுக ஒப்புகை. பதிலுக்குப் பச்சை எதுவும் அனுப்புவதில்லை. பச்சை ஏற்கெனவே அனுப்பிய பிரதி நீலத்தை அடையும்போது, அங்கேயும் இதே கணக்குதான். கேப்சரில் "ஒப்புகை போகவில்லையே" என்று நம்மைக் கலவரப்படுத்தும் இடம் இதுவே. இரு பக்கமும் அப்டேட்டே ஒப்புகையின் வேலையைச் செய்துவிட்டது.

சிவப்பின் கதை வேறு. பச்சையும் நீலமும் சிவப்புக்கு அந்த எல்எஸ்ஏவைத் திருப்பி அனுப்பவில்லை, ஏனென்றால் அதனிடமிருந்துதான் வாங்கின. ஆகவே சிவப்புக்கு முறையான ஒப்புகை போக வேண்டும். அது தாமத ஒப்புகையாகப் போகும். சில ஒப்புகைகள் சேரும்வரை சிறிது காத்திருந்து ஒரே பாக்கெட்டில் அனுப்புவதுதான் அது. அந்தக் காத்திருப்பு மறுஅனுப்பல் இடைவெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

பச்சை அனுப்பிய ஒப்புகை வழியில் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 5 வினாடி கழித்து சிவப்பு அதே எல்எஸ்ஏவைப் பச்சைக்கு மறுபடி அனுப்புகிறது. பச்சைக்கு இதுவும் டூப்ளிகேட்தான். ஆனால் சிவப்புக்கான பட்டியலைப் பார்த்தால் இந்த எல்எஸ்ஏ அதில் இல்லை. பச்சை எதற்கும் காத்திருக்கவில்லை, சிவப்புதான் காத்திருக்கிறது. தன் ஒப்புகை போய்ச் சேரவில்லை என்று இதிலிருந்து பச்சை தெரிந்துகொள்கிறது. இந்த முறை சேர்த்துவைத்து அனுப்பும் பேச்சே இல்லை, உடனே சிவப்புக்கு நேரடி ஒப்புகை போகிறது.

ஒரே டூப்ளிகேட், ஒன்றில் மௌனம், மற்றொன்றில் உடனடிப் பதில். வேறுபாடு பட்டியலில் அந்த ஒரு வரி இருந்ததா என்பதில்தான் இருக்கிறது.

நான்காம் படி: துணைத் தலைமை ரவுட்டர் ஏன் வேறு மாதிரி நடக்கிறது

ஈதர்நெட் போன்ற பொது நெட்வொர்க்கில் டிஆர் (தலைமை ரவுட்டர்), பிடிஆர் (துணைத் தலைமை ரவுட்டர்) என்று இரண்டு ரவுட்டர்கள் தேர்ந்தெடுக்கப்படும். சாதாரண ரவுட்டர் தன் எல்எஸ்ஏவை 224.0.0.6 என்ற முகவரிக்கு அனுப்பும், அதை இந்த இருவரும் கேட்பார்கள். டிஆர் அதை 224.0.0.5 முகவரியில் எல்லோருக்கும் திரும்பப் பரப்பும். ஆகவே பிடிஆருக்கு ஒரே எல்எஸ்ஏ இரண்டு முறை வருவது இயல்பு.

முதல் பிரதி வந்ததும் பிடிஆர் அதைப் பட்டியல்களில் எழுதிக்கொள்ளும், ஆனால் அந்த நெட்வொர்க்கில் பரப்பாது. பரப்புவது டிஆரின் வேலை. டிஆர் செயலிழந்தால் மறுஅனுப்பல் மூலம் பிடிஆர் அந்த வேலையைத் தொடரும். அதற்காகத்தான் எழுதிவைப்பது. பிறகு டிஆரிடமிருந்து இரண்டாவது பிரதி வருகிறது. பட்டியலில் இருப்பதால் மறைமுக ஒப்புகை, வரி அடிக்கப்படுகிறது. மேலே பார்த்த விதிப்படி இதோடு பேசாமல் இருக்க வேண்டும். ஆனால் பிடிஆர் இங்கே தாமத ஒப்புகை அனுப்புகிறது.

இதை மனப்பாடம் செய்ய வேண்டிய விதிவிலக்காகப் பலர் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லை. பச்சை ஏன் மௌனமாக இருந்தது? அது ஏற்கெனவே நீலத்துக்கு எல்எஸ்ஏவை அனுப்பிவிட்டது, அதுவே நீலத்துக்கு ஒப்புகை. பிடிஆர் டிஆருக்கு எதையும் அனுப்பவே இல்லை, பட்டியலில் எழுதியதோடு சரி. தன்னிடம் இருக்கிறது என்று டிஆருக்குத் தெரிய வேறு வழி கிடையாது. அதனால் ஒப்புகை அனுப்புகிறது. காரணம் இரண்டிலும் ஒன்றேதான்.

ஐந்தாம் படி: டூப்ளிகேட் போலத் தெரிபவற்றைப் பிரித்தறிதல்

புதுப்பிப்பு: எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு ரவுட்டரும் தன் எல்எஸ்ஏவை 1800 வினாடிக்கு ஒருமுறை திரும்ப உருவாக்கும். உள்ளடக்கம் அப்படியே இருக்கும், வரிசை எண் ஒன்று கூடியிருக்கும். இது டூப்ளிகேட் ஆகாது. பரப்ப வேண்டும், ஒப்புகை தர வேண்டும். உள்ளடக்கம் மாறாததால் பாதைகளை மறுபடி கணக்கிட மட்டும் தேவையில்லை.

அவசரமாக வந்த புதியது: ஒரு பிரதியை டேட்டாபேஸில் வைத்து ஒரு வினாடிகூட ஆகாத நிலையில் அதைவிடப் புதியது வந்தால், ரவுட்டர் அதை ஒப்புகை இல்லாமலே கைவிடும். அனுப்பியவர் திரும்ப அனுப்புவார், அப்போது ஏற்றுக்கொள்ளும். இங்கேயும் ஒப்புகை இல்லைதான், ஆனால் காரணம் முற்றிலும் வேறு.

பழையது: வந்தது நம்மிடம் இருப்பதைவிடப் பழையது என்றால் அதற்கு ஒப்புகை கிடையாது. நம்மிடம் உள்ள புதியதை அனுப்பியவருக்கே நேரடியாகத் திருப்பி அனுப்பும். கடந்த ஒரு வினாடிக்குள் அதை ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அனுப்பாது.

தன் பெயரிலேயே வந்த புதியது: நாம் உருவாக்கியதாகச் சொல்லும் எல்எஸ்ஏ, நம்மிடம் இருப்பதைவிடப் பெரிய வரிசை எண்ணோடு வருகிறது. ரவுட்டர் மறுதொடக்கம் ஆன பிறகு, பழைய பிரதி நெட்வொர்க்கில் இன்னும் உயிரோடு இருந்தால் இப்படி நடக்கும். அந்த எண்ணைவிட ஒன்று கூட்டி ரவுட்டர் புதிதாக உருவாக்கும், தேவையில்லாத எல்எஸ்ஏ என்றால் வயதை உச்சமாக்கி நீக்கிவிடும்.

ஆறாம் படி: கையால் செய்து பாருங்கள்

படித்ததைவிடச் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் எஃப்ஆர்ஆர் மென்பொருளை நிறுவி, மூன்று மெய்நிகர் ரவுட்டர்களை முக்கோணமாக இணையுங்கள். இன்டர்ஃபேஸ் வகையை பாயின்ட்-டு-பாயின்ட் என்று வையுங்கள், இல்லாவிட்டால் டிஆர் தேர்வு நடுவே புகுந்து குழப்பும். எல்லா இணைப்பும் ஃபுல் நிலைக்கு (இரு பக்க டேட்டாபேஸும் ஒத்துப்போன நிலைக்கு) வந்த பிறகு பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட லிங்க்கில் கேப்சரை ஓடவிட்டு, சிவப்பின் வேறொரு இன்டர்ஃபேஸில் காஸ்ட்டை மாற்றுங்கள். ஓஎஸ்பிஎஃப்பின் ஐபி புரோட்டோகால் எண் 89, அதை வைத்து வடிகட்டலாம். ஒரே வரிசை எண்ணுடன் அப்டேட்டுகள் எதிரெதிர்த் திசையில் கடந்து போவதைப் பார்ப்பீர்கள். ஒன்று சற்று முந்திக்கொண்டால் கடந்து போகாமல் ஒரு அப்டேட், ஒரு ஒப்புகை என்றும் முடியலாம். இரண்டும் சரியே, சில முறை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது ஒப்புகையைத் தொலைக்கும் சோதனை. நீலத்தை நிறுத்திவிட்டுச் சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீலம் இருந்தால் எல்எஸ்ஏ சுற்றுவழியில் வந்து கணக்கைக் கலைக்கக்கூடும். ஓஎஸ்பிஎஃப் தலைப்பின் இரண்டாவது பைட் பாக்கெட் வகையைச் சொல்லும், ஒப்புகை என்றால் அது 5. பச்சையிலிருந்து வருபவற்றில் அந்தப் பைட் 5 ஆக உள்ளவற்றை மட்டும் கைவிடும்படி சிவப்பின் ஃபயர்வாலில் ஒரு விதி எழுதுங்கள். பிறகு சிவப்பில் காஸ்ட்டை மாற்றிவிட்டு, "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்" கட்டளையைக் கொடுங்கள். ஆர்எக்ஸ்எம்டிஎல் என்று ஒரு பத்தி இருக்கும், அதுதான் மறுஅனுப்பல் பட்டியலின் நீளம். பூஜ்யமாக இருந்தது 1 ஆகி அப்படியே நிற்கும். கேப்சரில் 5 வினாடிக்கு ஒருமுறை சிவப்பின் அப்டேட்டும், அதை ஒட்டியே பச்சையின் உடனடி ஒப்புகையும் தெரியும். ஃபயர்வால் விதியை எடுத்துவிடுங்கள். அடுத்த சுற்றிலேயே எண் பூஜ்யத்துக்கு இறங்கும். அந்த எண் இறங்குவதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்களுக்கு நேரடி ஒப்புகை எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

ஏழாம் படி: உண்மையான நெட்வொர்க்கில் டூப்ளிகேட் அதிகமாகத் தெரிந்தால்

வளையங்கள் உள்ள நெட்வொர்க்கில் ஓரளவு டூப்ளிகேட் இருப்பது ஆரோக்கியமான அறிகுறி, அதற்காக எதையும் மாற்றாதீர்கள். அளவுக்கு மீறித் தெரிந்தால் முதலில் வரிசை எண்ணைப் பாருங்கள்.

எண் மாறாமல் அதே எல்எஸ்ஏ 5 வினாடிக்கு ஒருமுறை ஒரே பக்கத்திலிருந்து வருகிறது என்றால் ஒப்புகை போய்ச் சேரவில்லை. பெறும் பக்கத்திலும் கேப்சர் எடுங்கள். அப்டேட் வந்து, ஒப்புகையும் கிளம்புகிறது என்றால் திரும்பும் வழியில் இழப்பு. அப்டேட்டே வந்து சேரவில்லை என்றால் அனுப்பும் வழியில் இழப்பு. பெரிய அப்டேட்டுகள் மட்டும் தொலைந்து, சின்ன ஹலோக்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் எம்டியு அளவை, அதாவது ஒரு லிங்க் ஏற்கும் மிகப் பெரிய பாக்கெட்டின் அளவை, சந்தேகியுங்கள்.

எண் கிடுகிடுவென ஏறிக்கொண்டே போகிறது என்றால் அது டூப்ளிகேட் பிரச்சினையே இல்லை. ஒரு லிங்க் விழுந்து விழுந்து எழுகிறது, அல்லது இரண்டு ரவுட்டர்களுக்கு ஒரே ரவுட்டர் ஐடி கொடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவதில், ஒன்று உருவாக்கியதை மற்றொன்று "என் பெயரில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள்" என்று எண்ணி ஒன்று கூட்டி அனுப்ப, முதலாவது அதைவிட ஒன்று கூட்டி அனுப்ப, இழுபறி ஓயவே ஓயாது. சிஸ்கோ ரவுட்டர்களில் இதற்கு ஃப்ளட் வார் என்ற பெயரிலேயே ஓர் எச்சரிக்கைச் செய்தி வரும். லாப்டாப்பில் ஒரு ரவுட்டரின் கான்ஃபிகை அப்படியே காப்பி செய்து அடுத்ததில் ஒட்டும் வழக்கம் உள்ளவர்கள், ஒட்டிய கையோடு ரவுட்டர் ஐடி வரியை மாற்றிவிடுங்கள். அதை மறந்த ஒரு நெட்வொர்க்கில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து தேடியிருக்கிறேன். வரிசை எண்ணை இரண்டு முறை, பத்து வினாடி இடைவெளியில் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.